அன்பு இருந்தது, முகவரி தெரியவில்லை

(குடியரசு நாளையொட்டிக் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘நல்ல குடிமகனுக்குப் பெரிதும் வேண்டியது நாட்டின் மேல் அன்பா? ஆட்சியைப் பற்றிய அறிவா?’ ‘அறிவே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். “தாய் என்ன சட்டப் புத்தகம் படிச்சுட்டா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள்? அன்பாலே கொடுக்கிறாள்” என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். பால் கொடுக்க அன்பு போதும். அதே பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வருகிறது. அலமாரியிலே ரெண்டு பாட்டில் இருக்கிறது. ஒன்று காய்ச்சல் மருந்து. இன்னொன்று தாத்தா முட்டிக்குத் தேய்க்கிற மருந்து. அம்மா, இப்போது உங்கள் கையை வழி நடத்த வேண்டியது அன்பா, அறிவா? (சிரிப்பு, கைதட்டல்) அன்பு மட்டும் இருந்தால் எந்த பாட்டிலைத் திறப்பீர்கள்?

எதிரணித் தலைவர் திருப்பூர் குமரனைச் சொன்னார். 1932-ல் கொடியைக் கீழே விடாமல் உயிரைக் கொடுத்தாரே, அவர் எந்தப் பரீட்சை எழுதினார் என்று கேட்டார். அய்யா, அந்தப் பெயரைச் சொன்னால் நான் எழுந்து நின்று வணங்குவேன், வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாட்டுக்காக உயிரைக் கொடுக்க அன்பு வேண்டும். அப்படி உயிரைக் கொடுத்து வாங்கினதை வைத்துக் காப்பாற்ற அறிவு வேண்டும். வாங்கினவர்கள் அவர்கள். வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நாம்.

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைத் தொடாமல் போக முடியாது. குறள் எதுவும் சொல்லப் போவதில்லை, கவலைப்படாதீர்கள். எந்த அதிகாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அன்புடைமை எட்டாவது அதிகாரம். அது எந்த இயலில் இருக்கிறது? இல்லறவியலில். அறிவுடைமை நாற்பத்து மூன்றாவது அதிகாரம். அது எந்த இயலில் இருக்கிறது? அரசியலில்! (கைதட்டல்) அன்பை வீட்டுக்கும் அறிவை ஆட்சிக்கும் வைத்திருக்கிறது அந்த நூல். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. சந்தேகம் இருந்தால் எதிரணியார் அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளட்டும். (சிரிப்பு)

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளை. நெசவாளர் வீடு. எங்கள் பெரியம்மா, அதாவது எங்கள் அம்மாவின் அக்கா, பெரியப்பாவோடு சேர்ந்து கோர்வைப் புடவை நெய்தவர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பெரியப்பா தறியில் உட்கார்ந்து ரெண்டு பக்கம் பார்ப்பார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு நாடா எடுத்துக் கொடுப்பார்கள். படிப்பு அஞ்சாவது. ஆனால் பாவிலே ஒரு இழை அறுந்தால் இருட்டிலேயே விரலால் தடவிக் கண்டுபிடிப்பார்கள்.

பெரியப்பா 2002-ல் காலமாகிவிட்டார். மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. 2004-ல் தாயை அங்கே அழைத்துக்கொண்டான். பதினைந்து வருஷம் பச்சை அட்டையில் இருந்தார்கள். 2019-ல் மகன் சொன்னான், “அம்மா, நீங்களும் குடியுரிமை வாங்கிடுங்க. அதுக்கு ஒரு பரீட்சை இருக்கு.”

பெரியம்மாவுக்கு அப்போது வயது 69. அவர்கள் எழுதின கடைசிப் பரீட்சை அஞ்சாவது முழுப் பரீட்சை. (சிரிப்பு)

அந்தப் பரீட்சை என்னவென்று உங்களுக்குச் சொல்கிறேன். அந்த நாட்டு ஆட்சி எப்படி நடக்கிறது, வரலாறு என்ன என்று நூறு கேள்வி கொண்ட பட்டியல் ஒன்று முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். அதிகாரி நேருக்கு நேர் உட்கார்ந்து அதிலிருந்து பத்து கேள்வி வரை கேட்பார். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் தேர்வு. இது அன்றைக்கு இருந்த முறை. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பட்டியலில் 128 கேள்வி. இருபது கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 24 கேள்வி, கனடாவில் 20 கேள்வி, ஜெர்மனியில் 33 கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து போன நம் சொந்தங்கள் எத்தனையோ பேர் கனடாவில் இதைப் படித்துத் தேறியிருக்கிறார்கள். அங்கே ஒரு சலுகை, 55 வயதுக்கு மேல் ஆனவர்களுக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. அமெரிக்காவில் வேறு சலுகை. 55 வயது தாண்டி, பதினைந்து வருஷம் பச்சை அட்டையில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் வேண்டாம். கேள்விக்கு அவரவர் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பெரியம்மா தமிழிலே படித்தார்கள்! (கைதட்டல்) பேத்தி கேள்விகளைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். காலையிலே காபி போடும்போது பத்து, ராத்திரி தோசை ஊற்றும்போது பத்து. குமரகோட்டத்து முருகனுக்குக் கவசம் சொன்ன வாய் அல்லவா? நூறும் ஒரே மாதத்தில் மனப்பாடம். “மேலவையிலே நூறு பேரு, கீழவையிலே நானூத்து முப்பத்தஞ்சு பேரு” என்று ராகத்தோடு சொல்வார்களாம்.

பரீட்சை நாள் வந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில். “நாட்டுக்குச் சட்டம் செய்வது யார்?” என்று கேள்வி. சரியான பதில், காங்கிரஸ். அங்கே நாடாளுமன்றத்துக்குப் பெயர் அதுதான். பெரியம்மாவுக்குப் பதில் தெரியும். ஆனால் வாயிலிருந்து வரவில்லை. ஏன் என்று பிறகு சொன்னார்கள்: “காங்கிரசுன்னு சொன்னா, நான் கட்சி பேசுறேன்னு அந்த ஆபீசர் தப்பா நெனச்சுக்குவாரோன்னு பயந்துட்டேண்டா!” (பெரும் சிரிப்பு)

அப்புறம் தைரியமாகச் சொன்னார்கள். ஆறு கேள்வி கேட்டார், ஆறும் சரி. அதிகாரி எழுந்து வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினார். பெரியம்மா எழுந்திருக்கவில்லை. “பத்துன்னு சொன்னீங்க, இன்னும் நாலு பாக்கி இருக்கே, கேளுங்க” என்றார்களாம்! (சிரிப்பு, கைதட்டல்) ஆறு சரியானால் அதோடு நிறுத்திவிடுவார்கள். நூறு படித்துவிட்டுப் போனவர்களுக்கு அது ஏமாற்றம். நம் கல்லூரியில் இப்படி ஒரு மாணவன் கேட்டு நான் பார்த்ததில்லை.

நடுவர் அவர்களே, இதுவரை சிரிப்பு. இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2020-ல் பொங்கலுக்குப் பெரியம்மா ஊருக்கு வந்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லையா, முனைவர் பட்டம் வாங்கினவன். எனக்குத்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியம்மா கேட்டார்கள், “ஏம்பா, நீ டாக்டரு. நம்ம மேலவையில எத்தனை பேரு?”

நான் யோசித்தேன். மாநிலங்களவையா, அந்தக் காலத்துச் சட்ட மேலவையா என்று ஒரு குழப்பம். தொண்டையைக் கனைத்தேன். என் மகன் செல்போனை எடுத்தான். “போனைப் பாக்கக் கூடாது. நான் பாக்கல” என்றார்கள்.

பிறகு தேடிப் படித்தேன். மாநிலங்களவையில் 245 பேர், அதில் தமிழ்நாட்டுக்கு 18. மக்களவையில் 543 தொகுதி, தமிழ்நாட்டுக்கு 39. நம் சட்டமன்றத்தில் 234. சட்ட மேலவை 1986-ல் போய்விட்டது. இதெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க்குக்கு எழுதி, மறு நாளே மறந்து போகிற பாடம். நானும் மறந்தவன்தான்.

இந்த ஊரிலே இதைப் படிக்கப் பள்ளிக்கூடம்கூட வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். கட்சி பேசவில்லை, பாடம் பேசுகிறேன். இந்த ஊரில் 1909-ல் பிறந்த அண்ணா, 1957-ல் காஞ்சிபுரத்தில் வென்று சட்டமன்றம் போனார். 1962-ல் இதே காஞ்சிபுரத்தில் தோற்றார், மாநிலங்களவைக்குப் போனார். 1967-ல் தென்சென்னையில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலமைச்சரானதும் சட்ட மேலவை உறுப்பினரானார். நாலு அவை, ஒரே மனிதர்! அவர் ஆட்சியில் 1967 ஜூலை 18-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே பெயர் மாறிவிட்டதா? இல்லை. மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். அங்கே 1968-ல் சட்டம் நிறைவேறி, 1969 ஜனவரி 14-ல் அது நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டுப் பெயர்ப் பலகையை நாமே எழுதலாம், ஆனால் ஆணி டெல்லியில் இருக்கிறது. இது தெரிந்துதான் தீர்மானத்தோடு நிற்காமல் அங்கே போனார்கள். அன்பு தீர்மானம் போட்டது, அறிவு அதை முடித்துக்கொண்டு வந்தது. (கைதட்டல்)

மறுபடியும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள். பெரியம்மா அடுத்த கேள்வி கேட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் ஒரு கேள்வி உண்டு. மத்திய அரசுக்கு மட்டும் உரிய அதிகாரம் ஒன்று சொல்லுங்கள், மாநிலத்துக்கு உரியது ஒன்று சொல்லுங்கள் என்று. நோட்டு அடிப்பது, போர் தொடுப்பது எல்லாம் அங்கே மத்திய அரசு. பள்ளிக்கூடம், போலீஸ், தீயணைப்பு எல்லாம் மாநிலம். “இந்த மாதிரி பிரிச்சு நம்ம ஊர்லயும் இருக்காப்பா?” என்று கேட்டார்கள்.

இருக்கிறது என்றேன். இது எனக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. மூன்று பட்டியல். ஒன்று ஒன்றியத்துக்கு: ராணுவம், ரயில், தபால், நாணயம். ஒன்று மாநிலத்துக்கு: போலீஸ், பொதுச் சுகாதாரம், தண்ணீர், உள்ளாட்சி. மூன்றாவது ரெண்டு பேருக்கும் பொது. கல்வி மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. அவசர நிலைக் காலத்தில், 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. நெசவாளிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: “உடல் வேற, கரை வேற பெரியம்மா. ரெண்டையும் கோக்கிற இடம் பொதுப்பட்டியல். கோர்வைப் புடவைதான் நம்ம அரசியல் சட்டம்.” எனக்கே என் உவமை ரொம்பப் பிடித்துப் போயிற்று. (சிரிப்பு)

பெரியம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள். “அப்போ கூட்டுறவுச் சங்கம் எந்தப் பட்டியல்ல வருது?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிய, ஒரு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1998. பெரியப்பா ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். எந்தச் சங்கம் என்பது வேண்டாம், இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் வேறு மனிதர்கள். கூலி பாக்கியும் பங்குத் தொகையும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் அவருக்கு வர வேண்டியிருந்தது. கேட்டால் நாளைக்கு, நாளன்றைக்கு. அவர் சண்டை போடத் தெரியாத மனிதர். நான் அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குடும்பத்திலேயே அதிகம் படித்தவன் நான். என்னிடம் வந்தார். “தம்பி, நீ நல்லா எழுதுவே. பெரிய இடத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடு” என்றார்.

பெரிய இடம் எது? எங்களுக்குத் தெரிந்த பெரிய இடம் டெல்லி. நான் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? கல் கரையும் தமிழ். எதுகை, மோனை. டெல்லியில் இருக்கிற பெரிய பெரிய பதவிகளுக்கு ஒன்றன் பின் ஒன்றாகப் பதினொரு போஸ்ட் கார்டு. ஒவ்வொரு கார்டையும் பெரியப்பா ரெண்டு கையாலும் வாங்கி, காமாட்சியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியில் போடுவார். தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். நாலு வருஷம் எட்டிப் பார்த்தார். 2002-ல் போய்விட்டார். பணம் வரவில்லை.

“கூட்டுறவுச் சங்கம் எந்தப் பட்டியல்ல வருது?”

மாநிலப் பட்டியல். முப்பத்திரண்டாவது இனம். சங்கத்தைக் கேள்வி கேட்கிற அதிகாரம் மாநில அரசின் கைத்தறித் துறைக்கு. அந்தத் துறையின் அலுவலகம் டெல்லியில் இல்லை, சென்னைக்குக்கூடப் போக வேண்டாம். இதே காஞ்சிபுரத்தில் இருக்கிறது. எங்கள் பெரியப்பா சைக்கிளில் போய்விட்டு, கஞ்சி ஆறுவதற்குள் திரும்பி வந்திருக்கலாம்.

(அரங்கம் அமைதி)

நடுவர் அவர்களே, என்னிடம் அன்பு இல்லையா? பெரியப்பா மேல் உயிரையே வைத்திருந்தேன். தமிழ் இல்லையா? வண்டி வண்டியாக இருந்தது. நாட்டின் மேல் அன்பு இல்லையா? ஆகஸ்ட் 15-க்கு மேடை ஏறிப் பேசுகிறவன். எல்லாம் இருந்தது. முகவரி தெரியவில்லை. இந்தச் சங்கத்தைக் கேட்கிற அதிகாரம் யாருக்கு என்ற ஒரே ஒரு செய்தி தெரியவில்லை. போய்க் கேட்டிருந்தால் மறு நாளே பணம் வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தட்டியிருக்க வேண்டிய கதவு அது. பதினொரு தடவை நான் அவரை வேறு கதவுக்கு அனுப்பினேன்.

அன்றைக்குப் பெரியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதிரணியில் ஒருவர் நியாயமான ஒரு பயத்தைச் சொன்னார். “அறிவுதான் முக்கியம் என்றால், நாளைக்குப் படிக்காதவனுக்கு ஓட்டு இல்லை என்பீர்களா?” என்று கேட்டார். இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

உத்திரமேரூர் இதே மாவட்டத்தில் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. முப்பது குடும்பாகப் பிரித்து, குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். யார் நிற்கலாம்? 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. படிப்பு. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது! (கைதட்டல்) இதில் எனக்குப் பிடித்த ஒரு விதி. ஒரு வேதமும் அதற்குரிய பாஷ்யமும் கற்றவன் என்றால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். அறிவுக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி! ஊர் மேல் அன்புடையவன் என்று ஒரு வரி உண்டா? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. (சிரிப்பு)

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அது வேதம் கற்ற பிராமணர்களின் சபை. எங்கள் பெரியப்பா அந்தக் குடத்துக்குள் போக முடியாது. பெரியம்மாவுக்கு அந்தப் பக்கமே வேலை இல்லை. அறிவை வாசலில் காவலுக்கு நிறுத்தினால், அது ஏழையைத்தான் முதலில் தடுக்கும். அமெரிக்காவில் தென் மாநிலங்களில் அப்படித்தான் நடந்தது. ஓட்டுப் போட வருகிற கறுப்பின மக்களுக்கு எழுத்துப் பரீட்சை வைத்து விரட்டினார்கள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அது அடங்கியது.

நம் அரசியல் சட்டம் என்ன செய்தது? பரீட்சையே வைக்கவில்லை. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிப் பேருக்கு மேல் ஓட்டு. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னத்தைப் பார்த்துப் போட்டார்கள். அந்தத் தேர்தலில் வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்றே சொன்னதால், ஏறத்தாழ 28 லட்சம் பேரைப் பட்டியலிலேயே சேர்க்க முடியாமல் போயிற்று. குடும்பத்தின் மேல் அன்புக்குக் குறைவா? என் பெயரில் எனக்கு ஒரு ஓட்டு இருக்கிறது என்கிற அறிவை அவர்களுக்கு யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இன்றைக்கு வெளிநாட்டவர் ஒருவர் விண்ணப்பித்து இந்தியக் குடிமகனாக வேண்டும் என்றால், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்கிற தகுதிகளில் மொழி ஒன்று. எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழிகளில் ஏதாவது ஒன்று போதிய அளவு தெரிய வேண்டும். தமிழ் தெரிந்தால் போதும்! ஆட்சியைப் பற்றி நூறு கேள்வி கிடையாது. ஆகவே எதிரணி அன்பரே, பரீட்சை வையுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. வாசலில் பரீட்சை வேண்டாம். உள்ளே வந்த பிறகு விளக்கு வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்! (கைதட்டல்) உள்ளே விடும்போது கேள்வி கேட்காத வீட்டில், உள்ளே இருக்கிறவனுக்குப் பொறுப்பு அதிகம்.

பெரியம்மா பரீட்சையில் ஒரு கேள்வி: அரசியல் சட்டத்தின் முதல் மூன்று சொல் எவை? ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘மக்களாகிய நாம்’. நம் அரசியல் சட்டமும் அப்படித்தான் தொடங்குகிறது. தமிழ் வாத்தியாராக ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் ரெண்டு உண்டு, நாங்கள், நாம். ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவன் வெளியே. ‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே. தமிழில் பெயர்த்தவர்கள் ‘நாம்’ என்று போட்டார்கள். தறியில் உட்கார்ந்திருக்கிறவனும் உள்ளே, பக்கத்தில் நாடா எடுத்துக் கொடுக்கிறவளும் உள்ளே.

அந்த ‘நாம்’ என்கிறவனுக்குப் பெரிதாக எதுவும் தெரிய வேண்டாம். மூன்று கதவு தெரிந்தால் போதும். தெரு விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மாநகராட்சி. 2021-ல் இந்த ஊர் மாநகராட்சியாகிவிட்டது, 51 வார்டு இருக்கிறது. உங்கள் வார்டு எத்தனை, உறுப்பினர் யார்? போலீஸ் நிலையம், அரசு மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் என்றால் மாநிலம். உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். ரயில், தபால், வருமான வரி என்றால் ஒன்றியம். நம் தறிக்கே அங்கே ரெண்டு கதவு உண்டு. புடவை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் செய்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த 1999-ஆம் ஆண்டுச் சட்டமும் அதுவே செய்தது. விசைத்தறியில் ஓட்டிவிட்டுக் கைத்தறி என்று விற்கிறவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, பெருமூச்சுக்குச் சட்டத்தில் இடம் இல்லை, புகாருக்கு இடம் இருக்கிறது. (கைதட்டல்)

கதவு தெரியாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். விண்ணப்பத்தைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டாலும், ஐந்து நாளுக்குள் அவர்களே அதைச் சரியான அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பெரியப்பா போய் மூன்று வருஷம் கழித்து வந்த சட்டம். இன்றைக்கு உங்கள் தெருவில் யாராவது ஒரு பெரியப்பா தபால்காரரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்கு இதைச் சொல்லுங்கள். எதுகை மோனை வேண்டாம். (சிரிப்பு)

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

அன்றைக்குப் பெரியம்மா என் தலையைத் தடவிவிட்டுச் சொன்னது இதுதான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வந்து போகலாம், தங்கலாம், ஓட்டுக் கிடையாது. பெரியம்மா சொன்னார்கள்: “எனக்கு இங்க ஓட்டு இருந்தப்போ இதெல்லாம் தெரியலடா. தெரிஞ்சப்போ ஓட்டு இல்ல. உனக்குத்தான் ஓட்டு இருக்கே. நீயாவது தெரிஞ்சுக்க.”

அவர்கள் அந்தக் குடியுரிமைக்கு எழுதின பரீட்சையில் தேறினார்கள். நான் எழுதாத பரீட்சையில் தோற்றேன். அன்பால் என்னை யாரும் மிஞ்ச முடியாது, அறிவில்தான் தோற்றேன். ஆகவே நல்ல குடிமகனுக்குப் பெரிதும் வேண்டியது ஆட்சியைப் பற்றிய அறிவே, அறிவே என்று நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் என்று கேட்டு, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் வார்டு எண்ணைப் பிள்ளைகளிடம் கேளுங்கள், தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள் என்று உங்களையும் கேட்டு, விடை பெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)